காவலர் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை, காவலர் வேலைக்கு முயற்சி செய்யும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எண்கள் எல்லாம் 2025 அறிவிக்கையை ஒட்டியவை. அடுத்த அறிவிக்கை வந்ததும் அதை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, மாறியது ஏதும் உண்டா என்று பாருங்கள்.

காவல் துறையில் முதல் படி எது? எஸ்.ஐ. வேலைக்கே நேராகப் போகலாமா?

முதல் படி இரண்டாம் நிலைக் காவலர். ஆள் எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். ஒரே விண்ணப்பம், ஒரே தேர்வு. அதிலிருந்தே மாவட்ட, மாநகர ஆயுதப்படைக் காவலர், தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய பணிகளுக்கு ஆள் போகிறது. சிறப்புக் காவல் படைக்கு ஆண்கள் மட்டும்தான். எந்தப் பணி முதலில் வேண்டும் என்ற விருப்ப வரிசையை விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். யோசித்துக் கொடுங்கள், பிறகு மாற்றித் தரச் சொல்லி அலைந்து பயனில்லை.

பட்டம் முடித்தவர்கள் சார்பு ஆய்வாளர் (எஸ்.ஐ.) தேர்வையும் எழுதலாம். அது தனி அறிவிக்கை, தனித் தேர்வு. வயது இருக்கும்வரை இரண்டையும் எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

கடலோரக் காவல் படை வேலையும் இதுவும் ஒன்றா? மண்டபத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்கிறார்களே?

ஒன்றல்ல. நம் பக்கத்தில் அதிகம் குழப்புவது இதுதான். மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் இந்தியக் கடலோரக் காவல் படை ஒன்றிய அரசின் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது. அதில் நாவிக் (மாலுமி) பணிக்கு விண்ணப்பம் வேறு, தேர்வு வேறு, உயர விதியும் வேறு. உச்சிப்புளியில் பருந்து விமானத் தளம் வைத்திருப்பது கடற்படை. அதற்கும் ஆள் எடுப்பு தனி.

தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்பது மாநிலக் காவல் துறையின் ஒரு பிரிவு. 1994இல் தொடங்கியது. கடலோரக் காவல் நிலையங்கள் அதன் கீழ் வருகின்றன. அங்கே பார்க்கும் காவலர்கள் பெரும்பாலும் மேலே சொன்ன பொதுத் தேர்வில் சேர்ந்து, பிறகு அந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள். ஆகவே கடலோர நிலையத்தில் வேலை பார்க்க ஆசை என்றாலும் வழி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுதான். மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் சேர்ப்பது இன்னொன்று. பணிக்குப் போன நாளுக்குத்தான் அதில் படி. நிரந்தர அரசு வேலையாக அதை எண்ணிவிடக் கூடாது.

மீனவர் பிள்ளைகள் கடற்படையிலும் கடலோரக் காவல் படையிலும் சேர, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறது. அந்த அறிவிப்பு வந்தால் தவற விடாதீர்கள். அங்கே சொல்லித் தரும் கணக்கும் பொது அறிவும் காவலர் தேர்வுக்கும் உதவும்.

அறிவிக்கை எப்போது வரும்? ஆண்டுக்கு ஒருமுறை உறுதியா?

உறுதி இல்லை. கடைசி மூன்று சுற்றுகளைப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. எழுத்துத் தேர்வு 2022இல் நவம்பர் 27, 2023இல் டிசம்பர் 10, 2025இல் நவம்பர் 9. மூன்றுமே வடகிழக்குப் பருவமழைக் காலம். அறிவிக்கை அதற்குச் சில மாதம் முன்னால் வரும். 2025இல் ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 21 வரை, சரியாக ஒரு மாதம்தான் விண்ணப்பம் திறந்திருந்தது.

படகுக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில் ஓட்டத்துக்கும் கயிற்றுக்கும் உடம்பைப் பழக்கி, சான்றிதழ்களையும் சரி செய்துவிட்டால், அறிவிக்கை வந்த பிறகு படிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். வலை பின்னிக்கொண்டே கழிந்துவிட்டால் அந்த இரண்டு மாதம் திரும்பக் கிடைக்காது.

வயதும் படிப்பும் எவ்வளவு?

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியது செல்லாது.

குறைந்தபட்ச வயது 18. உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 26. பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 28. பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடியினருக்கு 31. மூன்றாம் பாலினத்தவருக்கு 31. ஆதரவற்ற விதவைக்கு 37. முன்னாள் படைவீரருக்கு 47. வயது கணக்கிடும் தேதி அறிவிக்கையில் இருக்கும், வழக்கமாக அந்த ஆண்டின் ஜூலை 1. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்தான் ஆதாரம். ஞானஸ்நானப் பதிவிலும் ஆதாரிலும் வேறு தேதி இருந்தால் அதை வைத்து வாதாட முடியாது.

என் மகன் உயரம் 168 செ.மீ. சேர முடியுமா?

ஆண்களுக்கு 170 செ.மீ. பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159; அந்தப் பிரிவுகளுக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும், அதாவது 86. மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு உயரத்தில் சலுகை உண்டு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். கிடையாது.

சலுகை ஊரை வைத்தோ உறவை வைத்தோ அல்ல, சாதிச் சான்றில் எழுதியிருப்பதை வைத்து. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்துக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றுதான் தருவார்கள். அந்தப் பிள்ளை 170 இருக்க வேண்டும், பெரியப்பா மகன் 167இல் தேறியிருந்தாலும்.

வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு அளப்பதை நம்ப வேண்டாம். மருத்துவமனையிலோ உடற்பயிற்சி ஆசிரியரிடமோ, வெறுங்காலில், குதிகால், இடுப்பு, தலையின் பின்பக்கம் மூன்றும் கம்பத்தில் பட நின்று அளந்து பாருங்கள். காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் மாலையில் ஏறத்தாழ ஒரு செ.மீ. குறையும். நாள் முழுக்க நிற்பதிலும் சுமப்பதிலும் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அழுந்துவதுதான் காரணம். 170இல் விளிம்பில் நிற்கிறவர்கள் அளவெடுக்கும் நாளுக்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கி, காலையில் ஓடி உடம்பைச் சூடாக்காமல், மூட்டை தூக்காமல் வர வேண்டும். அளவில் சந்தேகம் என்றால் மைதானத்தை விட்டு வருவதற்கு முன்பே அங்கே உள்ள அதிகாரியிடம் கேளுங்கள். வெளியே வந்த பிறகு கேட்டால் பலன் இல்லை. 168இல் உள்ள பிள்ளைக்கு வயது பதினெட்டுதான் என்றால் இன்னும் கொஞ்சம் வளர வாய்ப்பு உண்டு. இருபத்து மூன்று என்றால் வேறு தேர்வைப் பார்க்கச் சொல்வதே நியாயம்.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

வாரியத்தின் தளம் டிஎன்யுஎஸ்ஆர்பி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். கட்டணம் 250 ரூபாய். புகைப்படம், கையொப்பம் இரண்டையும் அங்கே கேட்கும் அளவில் ஏற்ற வேண்டும். வேலை இவ்வளவுதான். பெரும்பாலோர் இதைக் கணினி மையத்தில் கொடுத்துச் செய்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மையத்தில் இருப்பவர் தன் கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ போட்டுவிடுவார். நுழைவுச்சீட்டுக்கான தகவல் அவருக்குப் போகும். மூன்று மாதம் கழித்து அவர் கடையை மாற்றியிருப்பார். உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தச் சிம்மை தேர்வு முடியும்வரை உயிரோடு வைத்திருங்கள்.

அடுத்தது பெயர். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள எழுத்துக்கு எழுத்து அதே பெயர் வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ‘முகமது’ என்ற ஒரே பெயர் ஒரு சான்றில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஓரிடத்தில், கூப்பிடும் பெயர் ஓரிடத்தில். ஆதாரை மாற்றுவது எளிது, மதிப்பெண் பட்டியலை மாற்றுவது கடினம். ஆகவே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றுக்கு ஒத்துப்போக மாற்றுங்கள். பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டும்.

இறுதியாகச் சமர்ப்பிப்பதற்கு முன் சாதிப் பிரிவு, தமிழ்வழி, விளையாட்டு, வாரிசு (காவல் துறையினரின் பிள்ளைகள்) ஒதுக்கீடு ஆகிய கட்டங்களை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். விண்ணப்பத்தில் கோராத சலுகையைச் சான்று சரிபார்ப்பில் கேட்க முடியாது. கோரிவிட்டுச் சான்று காட்டாவிட்டால் அந்தச் சலுகை போகும். அச்சுப் பிரதி இரண்டு எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

சாதிச் சான்றில் என்ன பார்க்க வேண்டும்?

வட்டாட்சியர் அலுவலகத்தில் இ-சேவை வழியாக வாங்கியது, தந்தை பெயரில் இருக்க வேண்டும். கல்யாணமான பெண்கள் கணவர் பெயரில் உள்ள சான்றைக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். பொதுப் பிரிவாகக் கருதிவிடுவார்கள். அதனால் வயது வரம்பையே தாண்டிப்போகும் ஆபத்தும் உண்டு.

மீனவக் கிறித்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. மதம் மாறிய மற்றப் பலரும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். ஆனால் பரவர், முக்குவர், பட்டினவர் போன்ற மீனவச் சமூகங்களிலிருந்து மாறியவர்கள் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். பழைய சான்றில் தவறாகப் பிற்படுத்தப்பட்டோர் என்று இருந்தால் இப்போதே திருத்தி வாங்குங்கள். மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் ஆகியோருக்குப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவு. வெறுமனே ‘முஸ்லிம்’ என்று மட்டும் எழுதிய சான்று அதற்கு உதவாது. உட்பிரிவு எழுதியிருக்க வேண்டும்.

இனவாரி ஒதுக்கீடு: பொது 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதி 15, அருந்ததியர் 3, பழங்குடி 1 விழுக்காடு.

தமிழ்வழி ஒதுக்கீடு கிடைக்க எந்தச் சான்று?

20 விழுக்காடு இடங்கள் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாவது மட்டும் போதும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. படித்த ஒவ்வொரு பள்ளியிலும், அறிவிக்கையில் உள்ள படிவத்தில், தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் வாங்க வேண்டும்.

நம் கரையில் ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளியைத் தாத்தா ஊரிலும், நடுநிலையை அப்பா தொழில் பார்த்த ஊரிலும், பத்தாவதை விடுதியிலும் படித்திருப்பது சாதாரணம். மூன்று பள்ளி, மூன்று சான்று. ஒரு பள்ளி மூடப்பட்டிருந்தால் அதன் பதிவேடு எந்தப் பள்ளிக்குப் போனது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். விண்ணப்ப மாதத்தில் தொடங்கினால் முடியாது. பள்ளி திறக்கும் ஜூனிலேயே போய் நில்லுங்கள்.

கணவர் கடலில் காணாமல் போய்விட்டார். ஆதரவற்ற விதவை ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாமா?

பெண்களுக்கான இடங்களில் 3 விழுக்காடு ஆதரவற்ற விதவைகளுக்கு. சான்று கோட்டாட்சியர் தர வேண்டும். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என இரண்டு கோட்டங்கள். விதவைச் சான்று கையில் இருந்தால் போதாது, ‘ஆதரவற்ற விதவை’ என்ற சான்று தனி.

உடல் கிடைக்காதபோது இறப்புச் சான்று இருக்காது. ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது சட்டத்தின் பொது நிலை. அதற்கு முன் இறப்புச் சான்று பெற, காணாமல் போன நாளில் கடலோரக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும் முதல் தகவல் அறிக்கையும்தான் அடிப்படை. புகாரே பதியாமல் விட்ட குடும்பங்கள் இங்கேதான் தவிக்கின்றன. மீன்வளத் துறை அலுவலகத்தில் படகு கடலுக்குப் போன அனுமதிச்சீட்டுப் பதிவு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உதவி கேளுங்கள்.

எழுத்துத் தேர்வு எப்படி இருக்கும்?

ஒரே நாளில் இரண்டு பகுதி. முதல் பகுதி தமிழ் மொழித் தகுதித் தேர்வு: 80 கேள்வி, 80 மதிப்பெண், 80 நிமிடம். இதில் 40 விழுக்காடு, அதாவது 32 எடுத்தால்தான் அடுத்த பகுதியின் விடைத்தாளையே திருத்துவார்கள். ஆனால் இந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது.

இரண்டாம் பகுதி முதன்மைத் தேர்வு: பொது அறிவு 45, உளவியல் 25, மொத்தம் 70 கேள்வி, 80 நிமிடம். குறைந்தது 35 விழுக்காடு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு வட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

தரவரிசைக் கணக்கு: எழுத்து 70, உடற்திறன் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கான சிறப்பு மதிப்பெண் 6, ஆக 100. நேர்காணல் கிடையாது.

மெட்ரிகுலேஷனில் படித்தவர்கள் தமிழ்ப் பகுதியில் விழுகிறார்கள் என்பது உண்மையா?

விழுவதற்குக் காரணம் பாடத்தின் கடினம் அல்ல, அலட்சியம். தமிழ் தெரியும்தானே என்று புத்தகத்தைத் திறக்காமல் போகிறார்கள். கேள்வியில் வருவது பேச்சுத் தமிழ் அல்ல: பெயரெச்சம், வினையெச்சம், வேற்றுமை, புணர்ச்சி, எதிர்ச்சொல், நூலாசிரியர், அடைமொழி, திருக்குறள். ஆறு முதல் பத்து வரை சமச்சீர்த் தமிழ்ப் புத்தகங்களின் இலக்கணப் பகுதியையும் ஒவ்வொரு பாடத்தின் நூற்குறிப்பையும் படித்தால் 32ஐத் தாண்டலாம். வேறு மொழியை முதல் மொழியாக எடுத்துப் படித்தவர்கள் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள்.

உளவியல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது எண் தொடர், உறவுமுறை, திசை, குறியீடு, விழுக்காடு, நேரம் வேலை, அட்டவணையைப் படித்து விடை சொல்வது போன்ற கணக்குதான். 25இல் 20க்கு மேல் எடுக்க முடிகிற ஒரே பகுதி இது. பொது அறிவில் எவ்வளவு படித்தாலும் நாலைந்து கேள்வி கைக்கு எட்டாது. இங்கே பயிற்சி இருந்தால் விடை உறுதி. தினம் 25 கணக்கு, கடிகாரம் வைத்து 25 நிமிடம். மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் உண்டு.

கடற்கரையில் ஓடிப் பழகினால் போதுமா?

ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள். இதில் தவறினால் அதோடு வீட்டுக்கு.

மணலில் ஓடினால் கெண்டைக்கால் பலப்படும், அது நல்லது. ஆனால் அது மட்டும் என்றால் இரண்டு சிக்கல். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ விழும். வாரக்கணக்கில் ஒரே பக்கமாக ஓடினால் முழங்காலும் கணுக்காலும் வலிக்கும். போன வழியே திரும்பி ஓடுங்கள். இன்னொன்று காற்று. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் வீசும்போது, காற்று முதுகில் இருக்க ஓடி எடுத்த நேரம் பொய் நேரம். தென்கடல் பக்கம் ஆறு நிமிடத்தில் முடித்தேன் என்கிறவர் மைதானத்தில் ஏழைத் தாண்டுவது இதனால்தான்.

வாரத்தில் இரண்டு நாளாவது 400 மீட்டர் வட்டப் பாதையில் ஓடுங்கள். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் வசதி. 1,500 மீட்டர் என்பது முதலில் 300 மீட்டர், பிறகு மூன்று முழுச் சுற்று. ஏழு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 112 நொடி. எல்லாரும் செய்யும் தவறு முதல் சுற்றைக் கூட்டத்தோடு 80 நொடியில் ஓடி, மூன்றாவதில் நடப்பது. 105 நொடியில் சீராகப் போகப் பழகினால் ஏறத்தாழ ஆறரை நிமிடத்தில் முடியும். தேர்வு நாள் பதற்றத்துக்கும் வெயிலுக்கும் அந்த அரை நிமிடம் கையிருப்பு.

உடற்திறன் போட்டிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆண்களுக்கு மூன்று: கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 மீட்டர் அல்லது 400 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரம், இரு நட்சத்திரம் என இரண்டு நிலை. கயிறு 5 மீட்டர், 6 மீட்டர். நீளம் 3.80, 4.50 மீட்டர். உயரம் 1.20, 1.40 மீட்டர். 100 மீட்டர் 15 நொடி, 13.5 நொடி. 400 மீட்டர் 80 நொடி, 70 நொடி. இரு நட்சத்திரம் எடுப்பதில்தான் வேலை கிடைப்பதும் கிடைக்காததும் தீர்மானமாகிறது. எழுத்தில் நாலு மதிப்பெண் கூட்டுவதைவிட இது எளிது.

கயிற்றில் நம் பிள்ளைகளுக்கு ஒரு மயக்கம். பனை ஏறுகிறவன், வலை இழுக்கிறவன், எனக்குக் கயிறு என்ன பெரிது என்று. பனையில் காலுக்குத் தளைநார் பிடிமானம் கொடுக்கும், மரமும் அசையாது. தொங்கும் கயிறு காலடியில் ஆடும். கையால் மட்டும் இழுத்து ஏறினால் நாலாவது மீட்டரில் முன்கை இறுகிப் பிடி விட்டுப்போகும். வலது பாதத்தின் மேல் கயிறு ஓட வேண்டும், இடது பாதம் அதை அழுத்திப் பூட்ட வேண்டும். முழங்காலை மார்புவரை மடக்கி, பூட்டி, பிறகு நிமிர்ந்து எழ வேண்டும். எழும்புவது கால், பிடித்துக்கொள்வது மட்டும்தான் கை. நைலான் வலைக்கயிற்றில் பழகாதீர்கள், மெல்லியது, வழுக்கும். தடித்த கயிற்றைப் புளியங்கிளையில் கட்டி, அடியில் மணல் குவித்துப் பழகுங்கள். இறங்கும்போது சறுக்கினால் உள்ளங்கை உரிந்துவிடும், அப்புறம் ஒரு வாரம் பயிற்சி இல்லை. கை மாற்றிக் கை வைத்து இறங்குங்கள்.

தாண்டுவதில், மெத்தையும் ஆசிரியரும் இல்லாத ஊர்களில் நீளம் தாண்டுதலையே எடுக்கலாம். மணல் குழிக்குக் குறைவில்லை. ஓடி வரும் பாதை மட்டும் கெட்டித் தரையாக இருக்கட்டும். தாவும் பலகையைக் கால் தாண்டிவிட்டால் ஐந்து மீட்டர் தாண்டினாலும் கணக்கில் வராது. ஓட்டத் தூரத்தை அடி எண்ணிக் குறித்து வைத்துப் பழகுங்கள்.

பெண்களுக்கு என்னென்ன?

நீளம் தாண்டுதல் 3 மீட்டர், 3.75 மீட்டர். குண்டு எறிதல் (4 கிலோ) 4.25, 5.50 மீட்டர், அல்லது கிரிக்கெட் பந்து எறிதல் 17, 24 மீட்டர். 100 மீட்டர் ஓட்டம் 17.5, 15.5 நொடி, அல்லது 200 மீட்டர் 38, 33 நொடி.

குண்டைக் கல் எறிவது போல் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனால் செல்லாது. கழுத்தோடு ஒட்டி வைத்துத் தள்ள வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் குண்டு, இல்லையென்றால் பந்து. பந்து எறிகிறவர்கள் கிடைமட்டமாக எறிந்து தூரத்தை இழக்கிறார்கள். சற்று மேல்நோக்கி எறியுங்கள். ஊர் மைதானத்தில் ஓடக் கூச்சமாக இருக்கிறது என்ற பிள்ளைகளுக்கு, நாலைந்து பேர் சேர்ந்து பள்ளி மைதானத்தில் அதிகாலையில் ஓட அனுமதி கேட்டால் தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

இலங்கைக் கடற்படை ஒருமுறை பிடித்துப் போனது. மறியல் வழக்கும் ஒன்று உண்டு. வேலை போகுமா?

இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)இன்படி குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவரைச் சேர்க்க மாட்டார்கள். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் சம்பந்தப்பட்டவராகவே கருதுகிறது அந்த விதி. முன்நடத்தை விசாரணையின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு முழுமையாக விடுதலையானால், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும்.

ஆகவே மீனவர் போராட்ட மறியலில் பெயர் இருந்தால், அந்த வழக்கு இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கைவிடப்பட்டதா, குற்றப்பத்திரிகை போட்டார்களா, தீர்ப்பு என்ன. நகல் வாங்குங்கள். பலருக்குத் தங்கள் பெயர் வழக்கில் இருப்பதே விசாரணையில்தான் தெரிகிறது. இலங்கை நீதிமன்றத்தில் எச்சரித்து விட்டார்கள் என்று ஊரில் சொன்னாலும், ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையாக இருக்கலாம், அது தண்டனைதான். ஆவணத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

எதுவானாலும் படிவத்தில் கைது, வழக்கு பற்றிக் கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். சிறிய வழக்கைச் சொல்லியிருந்தால் பரிசீலிக்க இடமுண்டு. மறைத்தது தெரிந்தால் அந்த மறைப்பே நிராகரிப்புக்குப் போதும், பணியில் சேர்ந்த பிறகும்கூட.

மருத்துவப் பரிசோதனையில் எதில் கழிகிறார்கள்?

கண், நிறக்குருடு, முழங்கால் ஒட்டுதல், தட்டைப் பாதம், காலில் நரம்புச் சுருட்டல். நிறக்குருடு இருப்பது பெரும்பாலோருக்கு அதுவரை தெரியாது. எல்லாக் கட்டத்தையும் தாண்டி அங்கே போய்த் தெரிந்தால் கொடுமை. படிக்கத் தொடங்குவதற்கு முன்பே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக் கண் பிரிவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேர்வு நாளில் தீவிலிருந்து வருகிறவர்கள்?

நுழைவுச்சீட்டில் போட்ட நேரத்துக்குப் பிறகு கதவு திறக்காது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். தேர்வு ஞாயிற்றுக்கிழமை வரும், சாலைப் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நிற்கும், மாதமோ நவம்பர், டிசம்பர். முந்தின நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. அடையாள அட்டை அசல், பந்துமுனைப் பேனா இரண்டு. கைபேசி உள்ளே போகாது.

ஐந்து லட்சம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறாரே ஒருவர்?

நேர்காணல் இல்லாத தேர்வில், விடைத்தாளை இயந்திரம் திருத்தும்போது, ஓட்டத்தைக் கடிகாரம் அளக்கும்போது அவர் எந்த இடத்தில் கை வைப்பார்? பத்துப் பேரிடம் வாங்குவார், அதில் ஒருவன் தன் உழைப்பிலேயே தேறுவான், அவனைக் காட்டி அடுத்த ஆண்டு இருபது பேரிடம் வாங்குவார். படகை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பாது. பணம் கொடுத்ததும் குற்றம் என்பதால் புகார் கொடுக்கவும் தயங்குவீர்கள், அவருக்கு வேண்டியதும் அதுதான்.

சம்பளம் எவ்வளவு? ராமநாதபுரத்திலேயே பணி கிடைக்குமா?

ஊதிய விகிதம் ரூ.18,200 முதல் 67,100 வரை. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி போன்றவை இதற்கு மேல். பயிற்சி முடிந்ததும் ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படை அணிக்கோ போவீர்கள். நமக்கு அருகில் சிறப்புக் காவல் படை அணிகள் மதுரை, ராஜபாளையம், மணிமுத்தாறு ஆகிய இடங்களில் இருந்தாலும், எங்கே ஒதுக்குவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. பாதுகாப்புப் பணிக்கு மாநிலம் முழுக்க அனுப்புவார்கள். நேராகச் சொந்த ஊர்க் காவல் நிலையத்தில் உட்கார முடியாது. ஆயுதப்படையில் சில ஆண்டுகள் இருந்த பிறகே தாலுகா காவல் நிலையத்துக்கு மாற்றம் வரும். கடலோர நிலையம் வேண்டும் என்று அப்போது விருப்பம் கொடுக்கலாம். படகும் நீச்சலும் தெரிந்த காவலருக்கு அங்கே தேவை இருக்கிறது.